கேள்வி பதில்: கற்பனை நகரத்தில குடியுரிமை ஆருக்கு?

கேள்வி (வாசகி, கொக்குவில்): அண்ணை, நான் ஒரு நாவல் எழுதுறன். கடலோரத்தில ஒரு நகரம், அதுவே தனி நாடு. ஆர் குடிமகன், அவருக்கு என்னென்ன கடமை எண்டு சட்டம் எழுத வெளிக்கிட்டு நாப்பது பக்கம் வந்திட்டுது, கதை மட்டும் நகருதில்லை. என்ன செய்ய?

பதில்: சட்டத்தை எறியாதேங்கோ தங்கச்சி, ஒரு பக்கமா வையுங்கோ. உந்த வேலையை பழைய கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எப்பவோ பாத்திட்டார். வயசு போன காலத்தில மக்னீசியா எண்டொரு கற்பனை நகரம் கட்டி, குடும்பம் சரியா 5040 தான் இருக்கோணும் எண்டிட்டார், ஏனெண்டா அந்த எண்ணை 1ல இருந்து 10 வரைக்கும் எதாலயும் மிச்சமில்லாமப் பிரிக்கலாம், காணி பங்கிடச் சுகம். 35 வயசுக்குள்ள கலியாணம் கட்டாத ஆம்பிளைக்கு வருசாவருசம் தண்டம். 40 வயசாகாட்டி வெளிநாடே போக ஏலாது (எங்கட பெடியளிட்ட இதைச் சொல்லிப் பாருங்கோ!). குடிமகன் கடை வைக்கக் கூடாது, கைத்தொழிலும் செய்யக் கூடாது. அப்ப சட்டி பானை ஆர் செய்யிறது? வெளியில இருந்து வந்தவை. அவைக்கு வரி இல்லை, ஆனா 20 வருசம் முடிய சாமானைத் தூக்கிக்கொண்டு போயிடோணும், ஊருக்குப் பெரிய நன்மை ஏதும் செய்திருந்தாத்தான் சபையிட்டக் கேட்டு மேல இருக்கலாம். உங்கட கதை இஞ்ச தான் கிடக்கு. 19ஆம் வருசத்தில நிக்கிற ஒரு குயவனை எழுதுங்கோ.

இன்னொண்டு, என்ன கடதாசி கேக்கினம் எண்டதையும் யோசியுங்கோ. 1948ல வந்த எங்கட பிரஜாவுரிமைச் சட்டத்தில, இஞ்சயே பிறந்த ஆள் எண்டாலும் தகப்பன், இல்லாட்டி தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இஞ்ச பிறந்தவை எண்டு காட்டோணும். தோட்டத்து லயத்தில பூட்டன்ர பிறப்புப் பத்திரம் ஆரிட்ட இருந்தது? லட்சக்கணக்கான மலையகச் சனம் நாடில்லாமப் போச்சு, 1964ல இலங்கை, இந்தியா ரெண்டு அரசாங்கமும் தலைக்கணக்குப் போட்டுப் பங்கு பிரிச்சவை, 2003ல ஒரு சட்டம் வந்து தான் மிச்சப்பேருக்குக் கிடைச்சது. உங்கட நாப்பது பக்கத்தில ஒரு வரியே உப்பிடி ஒரு வேலை செய்யக் காணும்.

கேள்வி (வாசகர், சாவகச்சேரி): மகன் கனடா சிட்டிசன் எடுக்கப் போறானாம். இலங்கைக் குடியுரிமை நிக்குமோ?

பதில்: சும்மா விட்டா நிக்காது ஐயா. எடுக்க முதலே வைச்சிருக்க விண்ணப்பிக்கலாம், பிந்தினா ரெட்டைக் குடியுரிமைக்குக் காசு கட்டித் திருப்பி எடுக்கலாம். பாராளுமன்றத்துக்கு மட்டும் கேக்க ஏலாது, 2022ல வந்த 21ஆம் திருத்தம் மறிச்சுப்போட்டுது. எங்களுக்கு இதாவது இருக்கு, சிங்கப்பூர் ரெட்டைக் குடியுரிமைக்கே இடம் குடுக்காது, அங்கத்தைய பெடியளுக்கு ரெண்டு வருசம் பட்டாளம் மாதிரிக் கட்டாய சேவை வேற. (கொக்குவில் தங்கச்சி, அது நிசமான நகர அரசு, ஒருக்காப் பாருங்கோ.) மகன்ர பிறப்புப் பத்திரத்தையும் பழைய பாஸ்போட்டையும் பத்திரமா வைக்கச் சொல்லுங்கோ, ரெண்டும் கேப்பினம்.