லாசிக் செய்தால் கண்ணுக்கு என்ன ஆபத்து? பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

வயது 24, பவர் மைனஸ் 6, பினாங்கில் இரவு வேலைக்கு மோட்டாரில் போகிறேன், கண்ணாடிப் பவரைக் குறைக்கும் லேசர் சிகிச்சையான லாசிக்கைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

முதலில் கருவிழிப் படலத்தின் கனத்தையும் வடிவத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அதைச் செதுக்கித்தான் லேசர் கண்ணின் பவரைக் குறைக்கிறது. படலம் ஏற்கெனவே மெலிந்திருந்தால், பின்னாளில் பிதுங்கிப் பார்வையே கெடலாம். இந்தச் சோதனையை அவசரமாக முடிக்கும் இடத்தில் லாசிக் செய்யவே வேண்டாம். காண்டாக்ட் லென்ஸ் போடுபவரென்றால், மருத்துவர் சொல்லும் நாளிலிருந்தே நிறுத்திவிடுங்கள். இல்லையேல் அளவு தவறும்.

அதிகம் பேரைப் படுத்துவது கண் வறட்சி. படலத்தை வெட்டும்போது நுண்நரம்புகளும் அறுபடுவதே காரணம். பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களில் தணியும், சிலருக்கு நீடிக்கும். ஏர்கோன் அறையில் இன்னும் உறுத்தும். இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டமும் தெரியலாம். அதனால் உங்கள் வேலையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் சம்மதிக்கும்வரை இரவில் மோட்டார் எடுக்காதீர்கள்.

பிறகு கண்ணைக் கசக்கவே கூடாது, படலத்தில் வெட்டி மூடிய மெல்லிய மடல் நகர்ந்துவிடலாம். தூங்கும்போது கண்கவசம், நேரம் தவறாமல் சொட்டு மருந்து. பத்து பிரிங்கி கடலும் நீச்சல் குளமும் சில வாரங்களுக்கு வேண்டாம். தைப்பூசத்துக்கு ஒட்டிய நாளையும் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர்மலைக் கோயில் கூட்டத்தில் தூசியும் வியர்வையும் கண்ணில் படாமல் இருக்காது. வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பவர் போனாலும், மைனஸ் பவரால் நீண்டிருக்கும் விழியின் நீளம் குறையாது. நீண்ட விழியில் விழித்திரை விலகும் அபாயம் அப்படியே இருப்பதால், விழித்திரைப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.