கிண்ணியாக் கதை: காலம் மாறுவது வாசகருக்குப் பிடிபடவில்லை என்றால்

உங்கள் கதையை வாசித்தேன். நடுவில் பழைய காலம் வரும்போது எல்லோரும் குழம்புகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பிழை பின்னோக்கு உத்தியில் இல்லை, அதற்குள் நுழைகிற வாசலில்.

'அவன் நினைத்துப் பார்த்தான்' என்ற வரியை வெட்டுங்கள். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முந்தி 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடந்தோம். பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அவன் தண்ணீரைப் பார்க்கட்டும். அடுத்த பந்தியின் முதல் வரி: 'பாதை இன்னும் அக்கரையில்தான் நின்றது.' நம்மூர்க்காரருக்கு அது போதும். வெளியூர் வாசகருக்கு உம்மாவின் மீன் கூடையைக் காட்டுங்கள். திரும்பும்போதும் அதே மீன் வாடையோடு திரும்புங்கள்.

ஐந்து தடவை காலம் தாண்டுகிறீர்கள் (நானும் ஒருகாலம் அப்படித்தான்). இரண்டு போதும். திருகோணமலைக் கோட்டை மான்கள் வரும் பகுதி அழகு, ஆனால் இந்தக் கதைக்கு ஒட்டவில்லை. எடுத்து வையுங்கள், இன்னொன்றுக்கு உதவும்.