கரையோரப் பாதிப்பை மதிப்பிடத் துகள் திரள் நெறிமுறை தேவைதானா?

திருகோணமலைக் கரையோரம் எந்தெந்த இடங்களில் எளிதில் பாதிக்கப்படும் என்று ஏ.எச்.பி. முறையில் (அறிந்தவர்களைக் காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிடச் சொல்லி, ஒவ்வொன்றின் முக்கியத்துவத்தையும் நிறையாகக் காணும் முறை) கணிக்கும் ஒருவர், அந்த நிறைகளைச் சீராக்குவதற்குத் துகள் திரள் நெறிமுறையையும் (பல விடைகளைத் துகள்களாக அலையவிட்டு, நல்லதை நோக்கி நகர்த்தித் தேடும் கணினி முறை) சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்பது கேள்வி. பெரும்பாலும் வேண்டியதில்லை என்பதே என் பதில்.

வழக்கமான கரையோரப் பாதிப்புச் சுட்டெண், நிலவுருவம், கரைக்கோட்டு மாற்றம், சாய்வு, கடல்மட்ட உயர்வு, அலை உயரம், வற்றுப்பெருக்கு வீச்சு (கடல் ஏறி வற்றும் உயர வேறுபாடு) ஆகிய ஆறுக்கும் 1 முதல் 5 வரை புள்ளியிட்டு, அவற்றைப் பெருக்கி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம் காண்கிறது. அதில் ஆறும் சமம். எது பெரிது, எது சிறிது என்று கேட்க வருவதே தோமஸ் சாட்டியின் ஏ.எச்.பி.; இரண்டிரண்டாக ஒப்பிட 15 கேள்விகள், விடைகளின் இசைவு விகிதம் (அவை ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதன் அளவு) 0.1 ஐத் தாண்டினால் மறுபடியும் கேட்க வேண்டும்.

இந்த மறுபடி கேட்கும் வேலைக்குச் சலித்துத்தான் பலரும் 1995 இல் கென்னடியும் எபர்ஹார்ட்டும் பறவைக் கூட்டத்தைப் பார்த்து அமைத்த நெறிமுறையை நாடுகிறார்கள். விகிதத்தைக் குறைப்பதை மட்டும் அதற்கு இலக்காகக் கொடுத்தால், பதினைந்து விடைகளையும் 1, அதாவது இரண்டும் சமம், என்று மாற்றிவிட்டு, விகிதம் பூச்சியம் என்று அது பெருமையோடு வந்து நிற்கலாம். கணக்கில் பிழையில்லை, விடை சொன்ன மனிதர்தான் காணாமற்போய்விடுகிறார். ஆகவே மூல விடையிலிருந்து விலகும் அளவையும் இலக்கில் சேர்ப்பது கட்டாயம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வெள்ளம் ஏறிய எல்லையோடு நிறைகளைப் பொருத்தலாமே என்பார்கள். அப்படிப் பெறும் நிறைகள் ஆழிப்பேரலைக்குப் பொருந்துமேயன்றி, ஆண்டுதோறும் மண்ணை அரிக்கும் அலைக்குப் பொருந்தா.

நிலாவெளியில் கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவரிடம், அலையா சாய்வா முக்கியம் என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். "தம்பி, வாடைக்காத்து அடிச்சா அலைதான். சோளகத்தில எங்கட கடல் குளம் மாதிரி. நீங்க எந்த மாசத்தைக் கேக்கிறீங்க?" என்றார். என் படிவத்தில் மாதமே இல்லை. ஆண்டுச் சராசரி அலை உயரம் என்று நான் எழுதியிருந்த எண், வாடை எனும் வடகீழ்ப் பருவக்காற்றின் சீற்றத்தையும் சோளகம் எனும் தென்மேல் பருவத்தின் அமைதியையும் ஒன்றாகக் கலந்து வைத்திருந்தது. எந்தத் திரள் நெறிமுறையும் அந்தக் கலவையைப் பிரித்துத் தந்திராது.

இன்னொன்று, வற்றுப்பெருக்கு வீச்சு இங்கு எங்கும் ஒரு மீற்றருக்கும் குறைவு. குச்சவெளிக்கும் மூதூருக்கும் ஒரே புள்ளிதான் விழும். அதற்கு எவ்வளவு நிறை கொடுத்தாலும் இடங்களின் வரிசை மாறாது. அந்தக் காரணியை எடுத்துவிட்டால் கேள்விகள் பத்தாகக் குறையும். திறந்த கடலை நோக்கிய நிலாவெளியையும், மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவையும் வெவ்வேறு துண்டுகளாக்கி, வாடைக்கு ஒரு படிவம், சோளகத்துக்கு ஒரு படிவம் எனக் கேளுங்கள். அதற்குப் பிறகும் விகிதம் 0.1 ஐத் தாண்டினால், அப்போது துகள்களைப் பறக்க விடலாம்.