8,500 பவுண்ட் கேட்கிறார், கொடுக்கலாமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றி வாசகர்கள் கேட்டவையும் நம் பதில்களும்.

கேள்வி: 1972 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கரும்பச்சை, கம்பி வீல், குரோம் பம்பர். விற்பவர் 8,500 பவுண்ட் கேட்கிறார். இரண்டு வருடம் முன்பு பெயின்ட் அடித்ததாகவும் எஞ்சின் நன்றாக ஓடுவதாகவும் சொல்கிறார். ஓவர்டிரைவ் (வேகத்தில் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) மட்டும் விழவில்லை, அது சின்ன ஒயர் வேலைதானாம். கதவுக்குக் கீழே ஒரு பக்கம் ஒட்டுப்போட்ட மாதிரி தெரிகிறது. இது நியாயமான விலையா? முழுசாகச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?
(ஹாரோ வாசகர்)

பதில்: நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் சொன்ன அந்த ஒட்டில்தான் உங்கள் பணம் முழுவதும் இருக்கிறது. பெயின்ட், கம்பி வீல், எஞ்சின் எல்லாம் அதற்கு அப்புறம்.

எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது. பாடியேதான் சேஸி. கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற பெட்டித் தகடு. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அதற்கும் அடியில் கேஸில் ரெயில் என்று பல அடுக்கு, துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். இதை ஒழுங்காக மாற்ற முன் மட்கார்டின் கீழ்ப்பகுதியையும் பின்பக்கத் தகட்டின் கீழ்ப்பகுதியையும் வெட்டித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் சில் அந்த இரண்டுக்கும் அடியில் நீண்டு போகிறது. அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் ஒரு தகட்டை மேலே வைத்து வெல்டிங் அடித்து, பட்டி போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து விற்பவர்கள் இங்கிலாந்திலும் ஏராளம். உங்கள் பச்சைக் காரில் அதுதான் நடந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

போய்ப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி (பெயின்ட்டில் கீறல் விழக்கூடாது) மட்கார்டின் அடிப்பகுதி, கதவின் அடிப்பகுதி, கதவுக்குப் பின்னால் வளைந்து இறங்கும் இடம் எல்லாவற்றிலும் வைத்து நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. அடுத்து கதவு இடைவெளி. பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது, அல்லது சில் மாற்றியவர் கதவுச் சட்டத்துக்கு முட்டுக்கொடுக்காமல் வெட்டியிருக்கிறார். ஜாக்கி போட அவர் சம்மதித்தால் ஒரு பக்கம் தூக்கிவைத்துக் கதவைத் திறந்து மூடிப்பாருங்கள், நல்ல காரில் மாற்றமே தெரியாது. சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். அப்புறம் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறந்தால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்கான தட்டு தெரியும் (உங்கள் 1972 மாடலில் இரண்டு, பிற்பாடுதான் ஒரே 12 வோல்ட் ஆனது). ஆசிட் ஒழுகி முதலில் ஓட்டை விழும் இடங்களில் அது ஒன்று. பக்கத்திலேயே பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

எஞ்சின் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 1798 சி.சி. பி சீரிஸ், நம் அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. எஞ்சினுக்குச் சொந்தக்காரன், லேசில் சாகாது. சூடேறிய பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ. அளவில் நின்றால் சரி, ஐடிலில் 15-க்குக் கீழே விழுந்தால் யோசியுங்கள். இரண்டு சொட்டு ஆயில் தரையில் விழுவதை இந்த வண்டியில் யாரும் குறையாகவே எடுப்பதில்லை.

ஓவர்டிரைவ் வேறு கதை. ஒயர் வேலையாக இருக்கலாம், கியர் பாக்ஸில் ஆயில் குறைவாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் "சின்ன ஒயர் வேலை" என்றால் இரண்டு வருடமாக ஏன் அவரே செய்துகொள்ளவில்லை? இந்தக் காரில் கியர் பாக்ஸை மட்டும் தனியாகக் கீழே இறக்க முடியாது, எஞ்சினோடு சேர்த்துத்தான் முன்பக்கமாகத் தூக்க வேண்டும். கிளட்ச் மாற்றுவதற்கும் எஞ்சினைத் தூக்கும் அதே கூத்துதான். அதனால் மோசமான பக்கத்தையே கணக்கில் வையுங்கள், கடைசியில் ஒயர்தான் என்றால் லாபம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒட்டு ஒடுக்கு இல்லாமல் எல்லாம் ஒழுங்காக இருக்கும் குரோம் பம்பர் ரோட்ஸ்டர் 12,500 பவுண்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம் (விளம்பரத்தில் கேட்கும் விலையை எடுக்காதீர்கள், ஏலத்தில் விற்றுப்போன விலையைப் பாருங்கள்). இரண்டு பக்கச் சில்லும் முறையாக மாற்றி அந்த இடங்களுக்குப் பெயின்ட் அடிக்க 4,000. ஓவர்டிரைவ் கெட்ட பக்கமாகப் போனால் 1,200. டயர், பிரேக் ஹோஸ், சில்லறை வேலைகள் 800. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத் தேதி இருக்கும், முதல் இரண்டு இலக்கம் எந்த வாரம் என்பது, அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம் என்பது. பத்து வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மொத்தம் 6,000 ஆகிறது. மீதி 6,500. வண்டியைப் பிரித்தால் எதிர்பாராதது ஏதாவது வரும், வராமல் இருந்ததில்லை, அதற்கு ஒரு 1,000 கழியுங்கள். ஆக 5,500. அதற்கு மேல் பேச எனக்கு மனம் வராது. அவர் 8,500-லிருந்து இறங்க மாட்டார் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். இந்தக் கார் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானது, இன்னொன்று கிடைக்கும்.

"முழுசாகச் சரிசெய்ய" என்று கேட்டீர்களே, அந்த வார்த்தையில்தான் பலருக்குக் கை சுடுகிறது. எம்ஜிபிக்கு ஸ்பேர் எல்லாம் கிடைக்கும், விலையும் அநியாயம் இல்லை. புதிய பாடி ஷெல்லையே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988 முதல் செய்து கொடுக்கிறது, அதுவும் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல். கூலிதான் ஆளை அடிக்கும். விவரம் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் மணிக்கு 60, 80 பவுண்ட், அதற்கு மேல் 20 சதவீதம் வாட் வரி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். தகடு தகடாகப் பிரித்துப் புதிதாக்கினால் 30,000 பவுண்ட் சுலபமாக ஓடிவிடும், முடித்த பிறகு விற்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு வருவதே கஷ்டம். அதனால் வேறொருவர் அந்த நஷ்டத்தைப் பட்டு முடித்த வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். பில், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ எல்லாம் கேளுங்கள். "எல்லாம் செய்தாச்சு" என்கிறவரிடம் வெட்டித் திறந்த சில்லின் ஒரு படம்கூட இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று, 40 வருடம் தாண்டிய காருக்கு எம்.ஓ.டி. (பிரிட்டனின் வருடாந்தர வாகனச் சோதனை) கட்டாயமில்லை, சாலை வரியும் இல்லை, லண்டனில் புகை மாசுக்காக வாங்கும் யுலெஸ் கட்டணமும் இல்லை. இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் எம்.ஓ.டி. இல்லாததால் அடிப்பாகத்தை யாரும் வருடக்கணக்கில் பார்க்காத வண்டிகள் நிறையச் சுற்றுகின்றன. பதிவு எண்ணைப் போட்டால் பழைய எம்.ஓ.டி. விவரம் ஆன்லைனில் இலவசமாக வரும். கடைசியாகச் செய்தபோது துரு என்று எழுதியிருக்கிறார்களா, அதற்குப் பிறகு என்ன வேலை நடந்தது என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: 1977 எம்ஜிபி, கறுப்பு ரப்பர் பம்பர், துருவே இல்லை, 4,500 பவுண்ட். நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். வாங்கிக் குரோம் பம்பருக்கு மாற்றினால் விலை ஏறுமா?
(லெஸ்டர் வாசகர்)

பதில்: வாங்குங்கள், மாற்றாதீர்கள். அமெரிக்கச் சட்டத்துக்காக 1974 கடைசியில் அந்தப் பம்பரை மாட்டி வண்டியையும் கொஞ்சம் உயர்த்தினார்கள், அதனால்தான் இந்த விலைக்குக் கிடைக்கிறது. பம்பர் மாற்ற முன் மட்கார்டு, கிரில் வரை கை வைக்க வேண்டும், ஆன செலவு திரும்ப வராது. உங்கள் 1977-ல் முன்னும் பின்னும் ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) உண்டு, வளைவில் முந்தைய ரப்பர் பம்பர் வண்டியைவிட நிதானமாகத் திரும்பும். கிண்டல் செய்கிற நண்பர்களின் குரோம் வண்டிக்கு அடியில் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சொந்தக்காரர் ஒருவரிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3 சும்மா நிற்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் ரத்தம் ஓடும் வண்டி என்கிறார்கள், உண்மையா? ரெஸ்டோர் செய்தால் கட்டுப்படியாகுமா?
(கோவை வாசகர்)

பதில்: ரத்த சம்பந்தம் உண்மைதான், முறையைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தபோது ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் செய்தார்கள், இரண்டையும் வரைந்தவரும் மிக்கெலோட்டிதான். சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி போட்ட ஹெரால்டிலும் அதே முன்னால் கவிழும் பானட், அதே குறுக்குப் பட்டை ஸ்பிரிங். தனிச் சேஸி என்பதால் டிங்கரிங் வேலையும் எம்ஜிபி அளவுக்கு உயிர் எடுக்காது. நம்மூர்க் கூலியும் குறைவு.

சிக்கல் எங்கே என்றால், உங்களுடையது நாலு கதவு. அது இந்தியாவில் மட்டும் செய்தது. எஞ்சின், சஸ்பென்ஷன் சாமான் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், பின் கதவும் அதன் ரப்பர் பீடிங்கும் எந்த இங்கிலீஷ் கடையிலும் கிடைக்காது. அதனால் வாங்குவதற்கு முன் பின் கதவு, கண்ணாடி, கைப்பிடி, விளக்கு எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள், எஞ்சின் ஜாமாகி நின்றால்கூடப் பரவாயில்லை. ஆர்.சி. புக் உயிரோடு இருக்கிறதா, சேஸி நம்பர் ஒத்துப்போகிறதா என்பது அதற்கும் முன்னால். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு (புதிதாகப் பதிந்தால் 'வி.ஏ.' எழுத்தோடு, கட்டணம் 20,000 ரூபாய்) இருக்கிறது, ஆனால் அதை வைத்து தினம் ஆபீஸ் போக முடியாது, கண்காட்சி, ராலி மாதிரியானவற்றுக்குத்தான். கட்டுப்படியாகுமா என்றால், விற்கிற எண்ணம் இருந்தால் ஆகாது. வீட்டிலேயே வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் தொடங்குங்கள்.

கேள்வி: எஞ்சின் நம்பர் ஒரிஜினல் இல்லை என்றால் விலை குறையுமா?
(பர்மிங்காம் வாசகர்)

பதில்: ஜாகுவார் ஈ டைப், போர்ஷே 911 என்றால் நன்றாகவே குறையும். சாதாரண எம்ஜிபிக்குப் பெரிய வித்தியாசம் வராது, பாதி வண்டிகளில் எஞ்சின் மாறித்தான் இருக்கும். ஒரே விதிவிலக்கு எம்ஜிபி ஜிடி வி8 (கூரை போட்ட எம்ஜிபியில் எட்டு சிலிண்டர் எஞ்சின்). தொழிற்சாலையில் செய்தது 2,591 மட்டும்தான், சேஸி நம்பர் 'GD2D1' என்று தொடங்கும். சாதா ஜிடியில் ரோவர் வி8 எஞ்சினை இறக்கிவைத்து அந்த விலையே கேட்பவர்கள் உண்டு. கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஆவணங்களைப் பார்த்துச் சான்றிதழ் தரும், தயாரான தேதி, நிறம், எந்த நாட்டுக்குப் போனது எல்லாம் அதில் இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.