நகையை அடகு வைத்து விதைப்புக் காணிக்கை கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் சேலம் பனங்காடு பகுதியில் வசிக்கிறோம். கணவருக்கு வயது 46. வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வேலை ஏறி இறங்கினாலும் சராசரியாக மாதம் 28,000 ரூபாய் வரும். நான் தனியார் பள்ளி அலுவலகத்தில் 19,000 ரூபாய்ச் சம்பளத்தில் இருக்கிறேன். மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், மகள் ஒன்பதாம் வகுப்பு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் 4,700 ரூபாயைத் தவறாமல் கொடுத்துவிடுகிறோம். வீட்டுச் செலவு 38,000. வங்கியில் 1,60,000 ரூபாய் வைப்புத்தொகை, 12 சவரன் நகை, இவ்வளவுதான் சேமிப்பு. கணவருக்கு 9 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். போன ஆண்டு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியிருப்பதாக மருத்துவர் சொன்னார். கடந்த மாதம் ஏற்காட்டில் நடந்த 3 நாள் உபவாச முகாமில் ஊழியர் ஒருவர் அவர் தலையில் கை வைத்து, ‘3 லட்சம் விதைத்தால் நோயும் கடனும் உன் வாசலை மிதிக்காது’ என்றார். ஊழியத்துக்குக் காணிக்கை கொடுப்பதைத்தான் விதைப்பு என்கிறார்கள். அப்படிக் கொடுப்பதாகக் கணவர் உறுதிமொழிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து மாத்திரையும் இல்லை, இன்சுலினும் இல்லை. நகையை 12 சதவீத வட்டிக்கு அடகு வைக்கச் சொல்கிறார். 5 ஆண்டுகளாக விடாமல் கட்டிய 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீட்டுக்கு 31,000 ரூபாய் கட்ட வேண்டிய தேதி போன வாரம் கடந்துவிட்டது. புதுப்பிப்பது அவிசுவாசம் என்கிறார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்த என் அம்மா கொடுக்காதே என்கிறார். கணவரின் அண்ணனோ, தடுத்தால் சாபம் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
ஒரு சகோதரி, சேலம்

பதில்: சகோதரி, பணத்துக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் கணவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கிரியேட்டினின் ஏற்கெனவே கூடியிருக்கும் ஒருவர் இன்சுலினை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது என்பதைப் படித்தபோது எனக்கு மற்றக் கணக்குகள் ஓடவில்லை. தனியார் மருத்துவமனைக்குச் செலவாகும் என்று தயங்கினால் நம் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மருந்தை மறுபடி தொடங்குவதா, எந்த அளவில் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பழைய அளவை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்தது காப்பீடு. ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் பாலிசிக்குத் தவணைத் தேதிக்குப் பிறகு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. உங்களுக்கு ஒரு வாரம் போய்விட்டது. மீதி நாட்களுக்குள் கட்டினால் இதுவரை சேர்த்த உரிமைகள் எல்லாம் அப்படியே தொடரும். ஆனால் பணம் கட்டாத இந்த இடைப்பட்ட நாட்களில் அவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் காப்பீடு கிடைக்காது. அதனால் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கட்டுங்கள். வைப்புத்தொகையிலிருந்து எடுத்தே கட்டுங்கள்.

இந்தப் பாலிசி உங்கள் வீட்டில் எவ்வளவு மதிப்புள்ளது என்பதைக் கணவரிடம் நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும். காப்பீடு எடுக்கும்போதே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். அதைவிடப் பெரியது, 60 மாதம் இடைவிடாமல் கட்டிய பாலிசியில், மோசடியை நிரூபித்தால் ஒழிய, ‘பழைய நோயைச் சொல்லவில்லை’ என்ற காரணம் காட்டி நிறுவனம் பணம் தர மறுக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. இதை நழுவவிட்டுவிட்டு அடுத்த ஆண்டு மனம் மாறிப் புதிய பாலிசி கேட்டால், சிறுநீரகப் பாதிப்பு பதிவில் உள்ள 47 வயதுக்காரருக்கு எந்த நிறுவனமும் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொடுத்தாலும் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அதற்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். உங்கள் வருமானம் அதைப் போல நாலு மடங்குக்கும் மேல். டயாலிசிஸ் என்ற நிலை வந்து, ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், வாரம் மூன்று முறை என்றால் மாதம் 26,000 ரூபாய். அவருடைய மாத வருமானம் கிட்டத்தட்ட முழுவதும் அதற்கே போய்விடும்.

இப்போது அந்த 3 லட்சம். 12 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 36,000 ரூபாய். புதுப்பிக்க வேண்டாம் என்று அவர் சொல்லும் காப்பீட்டின் பிரீமியமே 31,000தான். தசமபாகமும் வீட்டுச் செலவும் போக உங்கள் கையில் மாதம் மிஞ்சுவது 4,300 ரூபாய். அதை ஒரு காசு குறையாமல் இந்தக் கடனுக்கே கட்டினாலும் அடைக்கச் சுமார் 10 ஆண்டுகள் ஆகும். நகைக் கடனோ பெரும்பாலும் ஓராண்டில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டியது. கட்ட முடியாவிட்டால் திருப்பி வைக்கலாம், திருப்பி வைக்கலாம் என்று போய் ஒரு நாள் ஏல நோட்டீஸ் வரும். வெள்ளி விலை ஏறும்போது கொலுசு ஆர்டர் குறைந்து பட்டறை ஓய்ந்து கிடப்பதை என்னைவிட நீங்கள் அதிகம் பார்த்திருப்பீர்கள். அந்த மாதங்களில் 4,300 கூட மிஞ்சாது. ஆகவே என் பதில்: நகையை வைக்காதீர்கள். 3 லட்சம் கொடுக்காதீர்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் கணவருக்கு இது அவிசுவாசியின் கணக்காகத்தான் தெரியும். நானும் தசமபாகம் எடுத்து வைத்த பிறகே அரிசி வாங்கும் வீட்டில் வளர்ந்தவன். இன்றும் கொடுக்கிறேன். நோயாளிக்காக ஜெபிப்பதையும், யாக்கோபு 5:14 சொல்கிறபடி மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பதையும் நான் முழு மனதோடு நம்புகிறேன். சாராயத்தில் மூழ்கிக் கிடந்த எத்தனையோ குடும்பங்கள் சிறிய ஜெப வீடுகளுக்குப் போய்த்தான் நிமிர்ந்தன என்பதும் கண்முன் இருக்கும் உண்மை. அதனால் அந்தக் கூடுகையில் உங்கள் கணவர் பெற்ற ஆறுதலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. என் வழக்கு எல்லாம் அந்தச் சீட்டின் மேல்தான்.

காணிக்கை கொடுத்தால் சுகமும் செல்வமும் வரும் என்கிற செழிப்பு உபதேசத்தை ஏற்கிறவர்கள் வெறுங்கையோடு பேசுவதில்லை. தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற மல்கியா 3:10, தழும்புகளால் குணமாகிறோம் என்ற ஏசாயா 53:5, நூறத்தனையாய்ப் பெறுவான் என்ற மாற்கு 10:30, இவையெல்லாம் வேதத்தில் உள்ளவைதாம். ஆனால் மாற்கு 10:30ஐ முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். ‘துன்பங்களோடேகூட’ என்ற சொல் அதே வசனத்தில் இருக்கிறது. வீட்டையும் உறவையும் விட்டுப் பின்பற்றியவர்களைப் பற்றிய வாக்கு அது. அங்கே தொகை குறிப்பிட்ட விதைப்பு எதுவும் இல்லை. பணத்தை விதையாகப் பேசி அதற்கு அறுவடை குறிக்கும் முறையைப் பெரிய அளவில் பரப்பியவர் கடந்த நூற்றாண்டின் அமெரிக்க ஊழியர் ஓரல் ராபர்ட்ஸ். அது பனங்காட்டுக்கு வந்து சேர்ந்திருப்பதே இந்தக் காலத்தில்தான்.

இதை எதிர்ப்பவர்கள் விசுவாசத்தில் குளிர்ந்துபோன பழைய சபைக்காரர்கள் மட்டும்தான் என்று உங்கள் கணவரின் அண்ணன் சொல்லக்கூடும். அது சரியல்ல. அமெரிக்காவின் அசெம்பிளீஸ் ஆஃப் காட் பெந்தெகொஸ்தே சபை, அந்நியபாஷையையும் தெய்வீக சுகத்தையும் அறிக்கையிடுகிற சபை. அதுவே 1980இல், வாயால் அறிக்கையிட்டால் சுகமும் செல்வமும் வந்தே தீரும் என்ற போதனையை எச்சரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 2010இல் கேப்டவுனில் கூடிய, உலக நற்செய்தி ஊழியர்களின் லோசான் மாநாட்டின் பிரகடனமும் செழிப்பு உபதேசத்தை வேதத்தைத் திரிப்பதாகக் கண்டித்தது. 2005 ஜனவரியில் பெங்களூரில் பெருங்கூட்டங்கள் நடத்திய சுகமளிக்கும் ஊழியர் பென்னி ஹின்னை உங்கள் வீட்டில் அறிந்திருப்பார்கள். ஆண்டுக்கணக்காக விதைப்பு கேட்ட அவரே 2019இல், நற்செய்திக்கு விலை வைப்பது ஆண்டவருக்கு அவமதிப்பு என்ற பொருளில் பேசி, இனி அப்படிக் கேட்கமாட்டேன் என்று அறிவித்தார்.

தெய்வீக சுகத்தையும் செழிப்பு உபதேசத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டவும் கூடாது. ஊழியர்கள் மருந்தே எடுக்காத பெந்தெகொஸ்தே மரபு தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அவர்களில் எளிமையாக வாழ்ந்து மறைந்தவர்கள் பலர். அந்த வழியில் எனக்கு உடன்பாடு இல்லை. இருந்தாலும் அவர்கள் தங்கள் உடலையே பணயம் வைத்தார்களே தவிர, நோயாளியின் நகையைக் கேட்கவில்லை என்பதால் மரியாதை உண்டு. சுகத்துக்குத் தொகை குறிப்பது வேறு சங்கதி. 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் குஷ்டம் நீங்கிய நாகமான் வெள்ளியும் பொன்னும் நீட்டியபோது தீர்க்கதரிசி எலிசா தொடவில்லை. பின்னாலேயே ஓடிப்போய்ப் பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளி வாங்கிய எலிசாவின் வேலைக்காரன் கேயாசியைத்தான் அந்தக் குஷ்டம் பிடித்தது. வெள்ளி வேலை செய்கிறவர் உங்கள் கணவர். அந்த வெள்ளி எவ்வளவு என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள்.

மருந்து அவிசுவாசம் என்றால் பவுல் தம் கூட்டாளி லூக்காவை ‘பிரியமான வைத்தியன்’ என்று கொலோசெயர் 4:14இல் எழுதியிருக்க மாட்டார். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று தீமோத்தேயுவுக்குச் சொன்னார். இன்னொரு உடன் ஊழியரான துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாக மறைக்காமல் எழுதினார். விசுவாசம் போதாமல் துரோப்பீமு படுத்தான் என்று ஒரு சொல் இல்லை. சேலத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலேறிப் போய் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குணமாகி வந்த ஆட்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு அதைத் தொடங்கினார். அங்கே ஜெபமும் நடக்கிறது, டயாலிசிஸும் நடக்கிறது.

கையெழுத்துப் போட்ட சீட்டைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். சட்டப்படி பார்த்தால், பிரதிபலன் இல்லாமல் கொடுத்த வாக்கை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு பொதுவாகச் செல்லாது என்கிறது. உங்கள் வாக்கை நம்பி அவர்கள் கட்டடம் கட்டத் தொடங்கினார்கள் என்பது போன்ற நிலை இருந்தால்தான் வழக்குக்கே இடம் உண்டு. வீட்டுக்கு வந்து வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை. சர்க்கரை நோய் தீரும் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மந்திரம், தாயத்து போன்றவற்றால் சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. இந்த நோட்டீஸ் அதற்குள் வருமா என்பதை வழக்கறிஞர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் கணவரின் பயம் நீதிமன்றத்தைப் பற்றியது அல்ல, பொருத்தனையை, அதாவது ஆண்டவருக்கு நேர்ந்துகொண்ட வாக்கை, மீறுவது பற்றியது. அதை லேசாக எண்ணாதீர்கள். பொருத்தனையைச் செலுத்தாமல் தாமதிக்காதே என்று பிரசங்கி 5:4 சொல்வது உண்மை. அதே வேதத்தில் லேவியராகமம் 27:8 இருக்கிறது: பொருத்தனை பண்ணினவன் குறித்த தொகையைச் செலுத்த முடியாத ஏழையானால், அவனுடைய திராணிக்கு ஏற்றபடி ஆசாரியன் மதிப்பிட வேண்டும். வாக்குக் கொடுத்தவனைக் கடனில் தள்ளக்கூடாது என்று நியாயப்பிரமாணமே ஏற்பாடு செய்திருக்கிறது. புதிய ஏற்பாட்டில் 2 கொரிந்தியர் 9:7, விசனமாயும் கட்டாயமாயும் கொடுக்க வேண்டாம் என்கிறது. உங்கள் அம்மாவின் சபைப் போதகரையோ, கணவர் மதிக்கும் வேறொரு பெந்தெகொஸ்தே மூப்பரையோ வீட்டுக்கு அழைத்து இந்த வசனங்களை அவர்கள் வாயால் சொல்லச் செய்யுங்கள். நீங்கள் சொன்னால் அது மனைவியின் எதிர்ப்பாகிவிடும். முகாம் நடத்திய ஊழியரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம்: சுகமானபின் மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை அளவு சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, நன்றிக் காணிக்கையாக முடிந்ததைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வாரா? மறுத்தால் அவர் கேட்பது எதை என்று உங்கள் கணவருக்கே விளங்கும்.

ஏதாவது கொடுத்தால்தான் அவருக்கு மனநிம்மதி என்றால், அதற்கும் வழி இருக்கிறது. காப்பீட்டுக்காக மாதம் 2,600 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள், அடுத்த ஆண்டு வைப்புத்தொகையைத் தொட வேண்டியிருக்காது. மிச்சமாகும் 1,700 ரூபாயில் 500 ரூபாயை, தசமபாகத்துக்கு மேல், நோயாளிகளுக்கு உதவும் ஒரு பணிக்கு அவர் கையாலேயே கொடுக்கட்டும். பட்டறை ஓய்ந்திருக்கும் மாதத்தில் கொடுக்காவிட்டாலும் குற்றமில்லை. மீதி 1,200 மகளின் படிப்புக்குப் போகட்டும். பிரீமியம் எடுத்தபின் வைப்பில் இருக்கும் 1,29,000 ரூபாய் உங்கள் மூன்று மாத வீட்டுச் செலவுக்குச் சற்று மேல். பட்டறை வருமானத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது குறைந்தபட்ச இருப்பு. அதை எந்த மேடையிலிருந்து யார் கேட்டாலும் உடைக்காதீர்கள். நகை 12 சவரனையும் வங்கி லாக்கருக்கு மாற்றி, உங்கள் இருவர் பெயரிலும் வைத்து, இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் திறக்க முடியும் என்று எழுதிக் கொடுங்கள்.

சிறுநீரகப் பரிசோதனை முடிவு வந்ததும் பாலிசியின் நகலோடு மறுபடி எழுதுங்கள். காப்பீட்டுத் தொகையை 5 லட்சத்துக்கு மேல் உயர்த்த நிறுவனம் சம்மதிக்குமா என்று அப்போது பார்க்கலாம். உயர்த்தும் பகுதிக்கு மட்டும் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும், பழைய 5 லட்சம் பாதிக்கப்படாது.