விரல் நுனியில் தாளம்: வாசகர் கேள்வி – பதில்

தொடுதிரையில் தாளம் தட்டி விளையாடும் கையடக்க வீடியோ கேம்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு அவன் மாமா ரிச்சி தெருவிலிருந்து பழைய நின்டெண்டோ டிஎஸ் (இரண்டு திரை உள்ள கையடக்க விளையாட்டுக் கருவி) ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதில் கறுப்பு அங்கி அணிந்த சிலர் கத்திக்கொண்டே ஆடுகிறார்கள். இவன் குச்சியால் வட்டங்களைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். எல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. இது என்ன விளையாட்டு? படிக்கிற பையன் விளையாடலாமா?
– வாசகி, மந்தைவெளி

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ‘ஓஸு! தத்தகாயே! ஓயெந்தான்’ என்ற விளையாட்டாகத்தான் இருக்க வேண்டும். டோக்கியோவைச் சேர்ந்த இனிஸ் நிறுவனம் உருவாக்க, நின்டெண்டோ 2005 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்டது. ஜப்பானியப் பள்ளி கல்லூரிகளில் விளையாட்டுப் போட்டி நடக்கும்போது நீண்ட கறுப்பு அங்கியோடு வரிசையாக நின்று, முரசறைந்து, தொண்டை கிழியக் கத்தித் தம் அணிக்கு உற்சாகமூட்டும் குழுவுக்கு ஓயெந்தான் என்று பெயர். விளையாட்டில் யாரோ ஒருவர் துன்பம் தாங்காமல் உதவி கேட்டு அலறுவார், உடனே இந்தக் குழு அங்கே வந்து நிற்கும். டிஎஸ் கருவியின் மேல்திரையில் அவருடைய கதை ஓடுகிறது, கீழே உள்ள தொடுதிரையில் உங்கள் மகன் பாட்டுக்கு ஏற்பத் தட்டுகிறான். அவன் சரியாகத் தட்டினால் கதை நல்லபடியாகப் போகும், தவறினால் சறுக்கும். முதல் கதையின் நாயகனே தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்து, வீட்டாரின் சத்தத்தால் படிக்க முடியாமல் தவிக்கும் மாணவன் என்பதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மொழி தெரியாதது ஒரு தடையே அல்ல. டிஎஸ் கேம் அட்டைகளுக்கு நாட்டுக்கு நாடு பூட்டு இல்லாததால், ஜப்பானில் விற்ற அட்டையை எந்த நாட்டிலும் செருகி விளையாடலாம். அப்படித்தான் மேலை நாட்டு ரசிகர்கள் இதை இறக்குமதி செய்து கொண்டாடினார்கள். இதை உருவாக்கிய இனிஸ் நிறுவனமே 2006 நவம்பரில் அமெரிக்காவுக்கென்று ஆங்கிலப் பாடல்களும் புதிய கதைகளும் கொண்ட ‘எலீட் பீட் ஏஜென்ட்ஸ்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. ஒரு பாட்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். படித்து முடித்த பிறகு இரண்டு பாட்டு விளையாடட்டும். ஒருமுறை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து மேல்திரையைப் பாருங்கள், ஏனென்றால் தட்டுகிறவன் கண் கீழ்த்திரையிலேயே இருக்கும், கதை முழுவதும் வேடிக்கை பார்ப்பவருக்குத்தான் கிடைக்கும்.

கேள்வி: நான் ஆறு ஆண்டுகளாக மிருதங்கம் கற்கிறேன். இத்தகைய விளையாட்டுகள் லயத்தை வளர்க்குமா, அல்லது கெடுக்குமா?
– மாணவர், மயிலாப்பூர்

பதில்: கெடுக்காது. ஆனால் எதை வளர்க்கும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓயெந்தானில் திரையில் எண்ணிட்ட ஒரு வட்டம் தோன்றுகிறது. அதைச் சுற்றிப் பெரிய வளையம் ஒன்று தோன்றிச் சுருங்கிக்கொண்டே வருகிறது. வளையம் வட்டத்தின் விளிம்பில் வந்து பொருந்தும் கணத்தில் தட்ட வேண்டும். அடி எவ்வளவு துல்லியமாக விழுந்தது என்பதைப் பொறுத்து 300, 100, 50 என்று புள்ளிகள் கிடைக்கும். இங்கே காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, காப்பது நீங்கள் அல்ல, பதிவு செய்யப்பட்ட பாட்டே அதைக் காத்துக்கொள்கிறது. நீங்கள் ஓடினாலும் இழுத்தாலும் பாட்டு தன் வேகத்தில்தான் போகும். மேடையில் பாடகரும் நீங்களும் சேர்ந்து ஒரே வேகத்தைச் சுமக்க வேண்டிய பொறுப்பை இந்த விளையாட்டு கற்றுத் தராது. அதற்கு ஆசிரியரும் சாதகமும்தான் வழி.

ஆனால் இன்னொன்றைக் கற்றுத் தரும், நான் இந்த விளையாட்டை மதிப்பதும் அதற்காகத்தான். வட்டங்கள் தாளத்தின் அடிகளை மட்டும் தொடர்ந்து சென்றால் இது வெறும் கடிகாரப் பயிற்சியாகப் போயிருக்கும். ஓயெந்தானில் அவை சில வரிகளுக்குப் பாடகரின் சொற்களைப் பின்தொடர்கின்றன, பிறகு முரசின் அடிக்கு மாறுகின்றன, அடுத்த வரியில் கிதாரின் ஒரு சிறு சங்கதியைப் பிடித்துக்கொள்கின்றன. பாடகர் ஓர் எழுத்தை நீட்டினால் வட்டத்துக்குப் பதிலாக ஒரு நீண்ட பாதை வரும், அதன்மேல் உருளும் பந்தைக் குச்சியால் தொடர்ந்து போக வேண்டும். இதைத்தான் நம் வித்வான்கள் ‘பாட்டுக்கு வாசிப்பது’ என்பார்கள். எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தைத் தவறாமல் தட்டுவது வேறு, தாளத்தின் முதல் அடிக்கு அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனையில் சாகித்தியம் (பாடலின் சொற்கள்) எங்கே விழுகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்று உணர்ந்து அதற்கு இடம் கொடுத்து வாசிப்பது வேறு. மார்கழிக் கச்சேரியில் முன்வரிசைப் பெரியவர் ஒருவரின் கையைக் கவனித்திருக்கிறேன். வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்க, நாற்காலியின் கைப்பிடியில் கிடந்த இடது கையின் விரல்கள் பாடகரின் சொற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தன. இந்த விளையாட்டு அந்த இடது கையைத்தான் பழக்குகிறது.

ஒரு பரிந்துரையும் உண்டு. நன்றாகப் பழகிய பாட்டை விளையாடும்போது வாய்க்குள் ‘தகதிமி’ சொல்லிக்கொண்டு, காலால் தாளம் போட்டுக்கொண்டு தட்டிப் பாருங்கள். கண்ணை நம்பித் தட்டுகிறீர்களா, காதை நம்பியா என்பது அப்போது தெரிந்துவிடும். மனிதர்கள் சீரான ஓசைக்கு ஏற்பத் தட்டும்போது விரல் ஓசைக்குச் சற்று முன்னதாகவே விழும் என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் அந்த முந்துதல் குறைவாக இருக்கும்.

கேள்வி: நம் ஊர்ப் பாடல்களை வைத்துத் தொடுதிரைப் பேசியில் இப்படி ஒரு விளையாட்டை உருவாக்க விரும்புகிறேன். நான் எழுதிய முதல் வடிவத்தில் வட்டமும் பாட்டும் சேரவே இல்லை. எங்கே தவறு?
– பொறியியல் மாணவர், கிண்டி

பதில்: பெரும்பாலும் கடிகாரத்தில்தான் தவறு இருக்கும். திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதை வைத்து நேரத்தை எண்ணியிருப்பீர்கள். பேசி சற்றுத் திணறினாலும் சில படங்கள் விடுபடும், ஆனால் பாட்டு காத்திருக்காது. எனவே ‘இப்போது என்ன நேரம்’ என்ற கேள்விக்கு ஒலி எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே விடையாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒலி தொகுதி தொகுதியாக அனுப்பப்படுகிறது. வினாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்து குறித்த எண்கள்) உள்ள ஒலியில் 1,024 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுதி சுமார் 23 மில்லி வினாடி. ஒலியின் நேரத்தை அப்படியே கேட்டால் அது படிக்கட்டு போலத் தாவித் தாவி வரும், வளையமும் விட்டுவிட்டுச் சுருங்கும். இரண்டு படிகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாமதம். டிஎஸ் போன்ற கருவியில் எல்லா அலகும் ஒரே வன்பொருள் என்பதால் உருவாக்கியவர்கள் ஒருமுறை அளந்துகொண்டால் போதும். பேசிகள் ஒவ்வொன்றும் ஒரு விதம். நிமிடத்துக்கு 120 அடி செல்லும் பாட்டில் ஓர் அடி அரை வினாடி. சதுஸ்ர நடையில் அதை நான்காகப் பிரித்தால் ஒரு மாத்திரை 125 மில்லி வினாடி. புளூடூத் காதொலிப்பானில் 100 மில்லி வினாடிக்கு மேல் தாமதம் சாதாரணமாக இருப்பதால், விளையாடுபவர் சரியாகத் தட்டினாலும் ஏறக்குறைய ஒரு மாத்திரை தள்ளித்தான் விழும். ஆகவே தொடக்கத்தில் ஒரு சீரான ஓசையை ஒலிக்கவிட்டு அதற்கேற்பச் சில முறை தட்டச் சொல்லுங்கள். அந்தத் தட்டல்கள் ஓசையிலிருந்து விலகிய அளவுகளின் நடுமதிப்பை எடுத்து அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

இவை இரண்டும் சில நாட்களில் தீரும். பாட்டுக்கு வட்டம் அமைப்பதில்தான் மாதக்கணக்கில் உழைப்பு இருக்கிறது. இதற்காகவே ஒரு நாட்டுப்புறப் பாட்டின் முதல் முப்பது வினாடியை எடுத்துக்கொண்டு, கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வட்டங்களைக் குறித்துப் பார்த்தேன். ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. முதல் முறை எல்லா அடிகளுக்கும் வட்டம் வைத்தேன், தட்டிப் பார்த்தால் ஆணி அடிப்பது போல இருந்தது. இரண்டாம் முறை சொற்களுக்கு மட்டும் வைத்துவிட்டு, பறை தனித்து ஒலித்த ஓர் இடத்தில் மட்டும் அதற்கு மாறினேன். அப்போதுதான் அந்தப் பறை வருகிறது என்பதையே விரல் கவனித்தது. எந்த ஒலியை விடுவது என்ற முடிவுதான் இந்தக் கலையின் பாதி. வலக்கைக்காரரின் கை திரையின் வலது கீழ்மூலையை மறைக்கும் என்பதால், இடப்புறம் தட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்த வட்டத்தை அந்த மூலையில் ஒளித்து வைக்காதீர்கள். நெருங்கி வரும் அடிகளுக்கு வட்டங்களை நெருக்கமாகவும், இடைவெளியுள்ள அடிகளுக்குத் தள்ளியும் வைத்தால் கண்ணே தாளத்தைப் படித்துவிடும்.

பழக, ஓயெந்தானின் தூண்டுதலால் ஆஸ்திரேலியரான டீன் ஹெர்பர்ட் 2007இல் கணினிக்காக உருவாக்கிய ‘ஓஸு!’ விளையாட்டில் நீங்களே வட்டம் அமைக்கும் வசதி இருக்கிறது, அங்கே தொடங்கலாம். திரைப்பாடல்களை வெளியிடும் எண்ணம் இருந்தால், பாட்டை இயற்றியவர்களின் உரிமையும் ஒலிப்பதிவின் உரிமையும் தனித்தனி என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஓயெந்தானில்கூட மூலப் பதிவுகள் இல்லை, வேறு பாடகர்கள் திரும்பப் பாடிய பதிவுகள்தான் இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த நாட்டுப்புறக் கலைஞர்களின் சம்மதத்தோடும் தக்க ஊதியத்தோடும் மரபுப் பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்தால் விளையாட்டுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

கேள்வி: ஓயெந்தான் விளையாடியதால் என் டிஎஸ் தொடுதிரையின் நடுவில் வட்டவட்டமாகக் கீறல் விழுந்துவிட்டது. சில இடங்களில் தட்டினால் பக்கத்தில் பதிகிறது. திரையை மாற்ற வேண்டுமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பாட்டின் சில இடங்களில் ஒரு சக்கரம் வரும், அதைக் குச்சியால் வேகமாகச் சுற்ற வேண்டும். அந்தக் கீறல் அதனால் வந்தது. இந்தத் தொடுதிரையில் மின்கடத்தும் இரண்டு படலங்கள் சிறு இடைவெளியில் இருக்கின்றன. குச்சி அழுத்தும் இடத்தில் மேற்படலம் வளைந்து கீழ்ப்படலத்தைத் தொடும்போதுதான் இடம் அறியப்படுகிறது. மேற்படலம் மென்மையானது என்பதால் தேயும். முதலில் கருவியின் அமைப்புப் பகுதிக்குள் சென்று தொடுதிரையை மறுசீரமைத்துப் பாருங்கள். திரையில் தோன்றும் குறிகளின்மேல் குச்சியை நிமிர்த்திப் பிடித்துத் தட்ட வேண்டும். அதன் பிறகும் விலகிப் பதிந்தால் மட்டும் மாற்றுங்கள். தொடுபடலம் படம் தெரியும் திரையிலிருந்து தனியான பாகம், எனவே பழுது பார்ப்பவரிடம் அதை மட்டும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். புதியதன்மேல் முதல் நாளே பாதுகாப்புத் தாள் ஒட்டிவிடுங்கள். சக்கரம் வரும்போது அழுத்தத்தைக் குறைத்துச் சுற்றினாலும் கணக்கில் ஏறும்.