பெண்கள் ஏன் முதுகுப்பையோடு தனியாக வெளிநாடு கிளம்புகிறார்கள்? அங்கே என்ன அனுபவிக்கிறார்கள்?

ஊர் பார்க்க மட்டும் என்றால் டூர் பேக்கேஜ் போதும். தனியாகக் கிளம்புவதற்குப் பெரிய காரணம், விடிந்ததிலிருந்து படுக்கும் வரை பொழுது முழுக்க நம் கையில் இருப்பதுதான். எங்கே போறே, யார் கூட, எப்ப வருவே என்று வீட்டில் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் நாற்பது வயதிலும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நான் போனது வியட்நாம். 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை இ-விசா கொடுக்கிறார்கள். ஹனோயின் பழைய நகரப் பகுதியில் பெண்களுக்கு மட்டுமான டார்மில் தங்கினேன். அடுக்குக் கட்டில், ஒரு திரை, ஒரு லாக்கர், அவ்வளவுதான். கொரியா, பிரேசில், போலந்து என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். எல்லார் வீட்டிலும் "தனியாவா?" என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வாங்கி வந்து கொடுத்தது, அதற்கு முந்தின நாள்தான் அறிமுகமான பெண்.

வார இறுதி நாட்களில் ஹனோயின் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றி வண்டிகள் விடுவதில்லை. சாயங்காலம் என் அம்மா வயதுப் பெண்கள் பாட்டுப் போட்டுக் கூட்டமாக ஆடுகிறார்கள். இரவு பத்து மணி வரை அங்கே பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நம் ஊரில் ஆண்களுக்கு டீக்கடை வாசலில் தினமும் கிடைப்பதுதான் இது. எங்களுக்கு அதற்கு விமானம் ஏற வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

சீன எல்லையோரம் ஹா ஜியாங் மலைப்பாதையில் உள்ளூர் ஓட்டுநரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். 1959 முதல் 1965 வரை போட்ட சாலை. மா பி லெங் கணவாயில் கயிற்றில் தொங்கியபடி பாறையை வெட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபின் வளைவுகளில் பயமே போய்விட்டது.

தொல்லையும் உண்டு. இரவு ஸ்லீப்பர் பஸ்ஸில் பக்கத்துப் படுக்கை ஆள் கை நீட்டினான். சத்தம் போட்டேன், கண்டக்டர் வேறு இடம் கொடுத்தார். சைவம் சாப்பிடுபவர்கள் 'சாய்' (Chay, வியட்நாமிய மொழியில் சைவம்) என்று பலகை வைத்த கடைகளைத் தேடுங்கள். பௌர்ணமியன்று பௌத்தர்கள் பலர் சைவம் என்பதால் அன்று கூட்டம் அதிகம்.

போவதாக இருந்தால், பகலில் போய் இறங்கும் விமானமாகப் பாருங்கள். முதல் இரண்டு இரவுக்கு மட்டும் அறை போடுங்கள், மிச்சத்தை அங்கே போய் முடிவு செய்யலாம். லாக்கருக்குச் சொந்தப் பூட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.